கப்பல் சுற்றுலா: ஏஜென்ட்டிடம் போவதா, நாமே புக் செய்வதா?

*சொகுசுக் கப்பல் பயணம் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் பதில்களும்.*

சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் போய்வரும் 4 இரவுக் கப்பலுக்கு வெப்சைட்டில் இருக்கும் விலையையே ஏஜென்ட்டும் சொல்கிறார். அப்படியானால் அவருக்கு லாபம் எங்கிருந்து வருகிறது? மறைத்து ஏதாவது வாங்குவாரா? (திருச்சி வாசகர்)

அவருக்குப் பணம் கொடுப்பது கப்பல் கம்பெனி. வழக்கமாக 10 சதவீதத்தில் தொடங்கும் கமிஷன், நிறைய அறைகள் விற்கும் பெரிய ஏஜென்சிகளுக்கு 15, 16 வரை போகும். நீங்கள் வெப்சைட்டில் நேராக வாங்கினால் அந்தக் கமிஷன் கம்பெனியிடமே தங்கிவிடும், உங்களுக்குத் தள்ளுபடியாக வராது. விலை ஒன்றாக இருப்பது அதனால்தான்.

ஆனால் கமிஷன் மொத்தத் தொகைக்கும் கிடையாது. துறைமுகக் கட்டணம், வரி, இன்னும் சில கட்டணங்களைக் கழித்த பிறகுதான் கணக்கு. உதாரணத்துக்கு, இருவருக்கு 60,000 ரூபாய் டிக்கெட்டில் 18,000 இப்படிக் கழிந்தால், மீதி 42,000-க்கு 10 சதவீதம், அதாவது 4,200 ரூபாய்தான் ஏஜென்ட்டுக்கு. விசா வேலை, பத்துப் பதினைந்து போன் கால் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். குறுகிய பயணங்களுக்குச் சிலர் தனியாக சர்வீஸ் சார்ஜ் கேட்பது இதனால்தான். கேட்பதில் தப்பில்லை, முதலிலேயே சொல்லிவிட்டுக் கேட்க வேண்டும்.

விலையை ஒப்பிடும்போது ஏமாறுகிற இடங்கள் வேறு. முதலாவது, கப்பல் ஊழியர்களுக்கான டிப்ஸ். பெரிய கம்பெனிகளில் ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 16 முதல் 20 அமெரிக்க டாலர். 18 டாலர் என்று வைத்தாலும் இருவருக்கு 4 நாளைக்கு 144 டாலர். ஒரு கொட்டேஷனில் இது சேர்ந்திருக்கும், இன்னொன்றில் இருக்காது. இரண்டாவது, டாலர் கணக்கு. வெப்சைட்டில் வெளிநாட்டுக் கரன்சியில் கார்டு தேய்த்தால் வங்கி 2 முதல் 3.5 சதவீதம் வரை கூடுதலாக எடுக்கும். ஏஜென்ட் ரூபாயில் பில் போட்டால் அவர் எந்த ரேட்டில் மாற்றுகிறார் என்று பாருங்கள். மூன்றாவது, ஜிஎஸ்டியும் டிசிஎஸ்ஸும். வெளிநாட்டுச் சுற்றுலா பேக்கேஜ் என்று பில் வந்தால் டிசிஎஸ் பிடிப்பார்கள், அதாவது விற்பவரே உங்களிடம் வாங்கி அரசுக்குக் கட்டும் வரி. அது செலவு அல்ல, வருமானவரிக் கணக்குத் தாக்கலில் கழித்துக்கொள்ளலாம். உங்கள் பான் எண்ணில்தான் கட்டியிருக்கிறார்களா என்று, உங்கள் பெயரில் கட்டிய வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் சரிபாருங்கள்.

டிக்கெட், துறைமுக வரி, டிப்ஸ், ஜிஎஸ்டி, டிசிஎஸ், சர்வீஸ் சார்ஜ் என்று ஆறு இனமாகப் பிரித்து எழுத்தில் தரச் சொல்லுங்கள். தரமாட்டேன் என்பவரிடம் வேண்டாம்.

71 வயது அம்மாவை அழைத்துப் போகிறோம். பஸ்ஸில் போனாலே அவருக்குத் தலை சுற்றும், முழங்கால் வலியும் உண்டு. "கேரண்டி ரூம்" என்று ஒன்று மலிவாகக் காட்டுகிறது. வாங்கலாமா? (மதுரை வாசகி)

வாங்காதீர்கள். கேரண்டி என்றால் ஜன்னல் உள்ளது, பால்கனி உள்ளது என்ற வகைக்கு மட்டும்தான் உத்தரவாதம். எந்தத் தளம், எந்த இடம் என்பதைக் கம்பெனியே கடைசியில் முடிவு செய்யும். அம்மாவுக்கு இடம்தான் முக்கியம்.

கப்பல் அலையில் ஆடுவது பூங்காவில் பிள்ளைகள் ஆடும் சீசா பலகை மாதிரி. இரண்டு முனையும் ஏறி இறங்கும், நடு அதிகம் அசையாது. உயரே போகப் போகப் பக்கவாட்டு ஆட்டமும் கூடும். ஆகவே நீளவாக்கில் நடுப்பகுதி, உயரத்தில் கீழ்த்தளம். மேல்தளத்து பால்கனி அறைதான் உயர்ந்தது என்று பணம் கூடக் கொடுத்துத் தலைசுற்றலை வாங்கிக்கொள்பவர்கள் உண்டு.

கப்பலின் தளப் படத்தை எடுத்து மூன்று தளங்களைப் பாருங்கள்: உங்கள் தளம், அதற்கு மேல், அதற்குக் கீழ். தலைக்கு மேல் நீச்சல்குளமோ பஃபே கூடமோ இருந்தால், விடிவதற்கு முன்பே நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கட்டிலில் படுத்திருக்கும்போதே கேட்கும். காலுக்குக் கீழே தியேட்டரோ டான்ஸ் கூடமோ இருந்தால் நள்ளிரவு வரை தரை அதிரும். முன்முனையின் கீழ்த்தளத்தில், துறைமுகம் நெருங்கும் அதிகாலையில் கப்பலைப் பக்கவாட்டில் தள்ளும் இயந்திரமும் நங்கூரச் சங்கிலியும் தூங்கவிடாது. மேலும் கீழும் பயணிகள் அறைகளே உள்ள தளம்தான் அமைதியானது. பக்கத்து அறைக்குக் கதவு வைத்த அறை என்றால் அந்தக் கதவின் வழியே அவர்கள் பேசுவதெல்லாம் கேட்கும். ஜன்னல் அறை மலிவாகக் கிடைத்தால் வெளியே உயிர்காக்கும் படகு தொங்கி மறைக்கிறதா என்று கேளுங்கள்.

சிங்கப்பூரிலிருந்து போகும் பெரிய கப்பல்கள் 330 மீட்டருக்கு மேல் நீளமானவை. முழங்கால் வலிக்காரருக்கு லிஃப்ட்டுக்கு ஐந்தாறு அறை தள்ளி எடுங்கள். நேர் எதிரே எடுத்தால் இரவெல்லாம் ஆள் நடமாட்டம். சக்கர நாற்காலி தேவைப்படும் என்றால் அதற்கென உள்ள அறையையே கேட்க வேண்டும். அதில் கதவு சுமார் 32 அங்குல அகலம், குளியலறையில் படி இருக்காது. சாதாரண அறைக் கதவில் பல நாற்காலிகள் நுழையாது. ஒரு கப்பலில் இத்தகைய அறைகள் கொஞ்சம்தான், சீக்கிரம் தீர்ந்துவிடும்.

இன்னொன்று. பினாங்கில் கப்பல் ஜார்ஜ் டவுனின் ஸ்வெட்டன்ஹாம் துறையிலேயே நிற்கும், நடந்து இறங்கலாம். புக்கெட்டில் பெரிய கப்பல்கள் பெரும்பாலும் பத்தோங் கடற்கரைக்கு எதிரே நங்கூரமிட்டுச் சிறு படகில்தான் கரை சேர்க்கும். ஆடும் படகில் கால் எடுத்து வைக்க முடியாவிட்டால் அன்று அம்மா கப்பலிலேயே இருக்க வேண்டியதுதான். நல்ல ஏஜென்ட் என்றால் நீங்கள் கேட்காமலே இதைச் சொல்வார். அவரை எடைபோட "புக்கெட்டில் துறையா, படகா?" என்று மட்டும் கேட்டாலே போதும்.

என் பாஸ்போர்ட்டில் சர்நேம் என்ற இடம் காலி. கப்பல் வெப்சைட் அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் போகவிடுவதில்லை. (தஞ்சாவூர் வாசகர்)

இனிஷியல் போடும் நம் வழக்கத்தால் தமிழர்களுக்கு அடிக்கடி வரும் சிக்கல் இது. அவசரத்தில் செய்யக்கூடாதது, அப்பா பெயரையோ ஊர்ப் பெயரையோ நீங்களாகவே அந்தக் கட்டத்தில் எழுதுவது. கப்பல் ஏறும் கவுன்ட்டரில் ஒப்பிடுவது பாஸ்போர்ட்டின் அடியில் உள்ள இரண்டு வரிகளை. அங்கே இல்லாத பெயர் டிக்கெட்டில் இருக்கக்கூடாது.

ஒற்றைப் பெயருக்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழி வைத்திருக்கிறார்கள். சில விமான நிறுவனங்கள் அதே பெயரை இரண்டு தடவை எழுதச் சொல்லும். அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் சர்நேமாகி, முதல் பெயர் இடத்தில் எஃப்என்யூ (முதல் பெயர் தெரியவில்லை) என்று வரும். கப்பல் கம்பெனிக்குத் தனி விதி. மூன்றும் மூன்று விதமாக இருந்தால் கவுன்ட்டரில் விளக்கம் சொல்லி மாளாது. பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தை ஸ்கேன் செய்து ஏஜென்ட்டுக்கு அனுப்பி, கம்பெனியிடம் கேட்டு, வந்த பதிலை மெயிலில் வாங்கி வையுங்கள். ஏஜென்ட்டின் சம்பளத்துக்கு அர்த்தம் இருக்கும் வேலை இது. எழுத்துப் பிழையைப் பெரும்பாலும் திருத்திக்கொடுப்பார்கள். பெயரே மாறினால் ஆளே மாறியதாகக் கணக்கு, புதிதாக டிக்கெட் எடுக்க வேண்டி வரலாம்.

துபாயிலிருந்து கிளம்பும் கப்பல் என்றால் இன்னும் கவனம். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு விசிட் விசாவில் வருவோரை ஏற்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. அடிக்கடி வெளிநாடு போகிறவர்கள், பெயரைப் பிரித்து எழுதி பாஸ்போர்ட்டை மறுவெளியீடு செய்துகொள்வது நல்லது. விசாவுக்கும் டிக்கெட்டுக்கும் முன்னால் அதை முடியுங்கள்.

சிங்கப்பூர் விசா ஒரு தடவை நுழைய இருந்தால் போதாதா? (கோவை வாசகர்)

போதாது. விமானத்தில் இறங்கும்போது ஒரு நுழைவு, கப்பல் திரும்பி வரும்போது இன்னொன்று. பலமுறை நுழையும் விசா என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். பாஸ்போர்ட் இன்னும் 6 மாதமாவது செல்லுபடியாக வேண்டும். கப்பல் தொடும் மற்ற நாடுகளின் விதிகளும் உங்களுக்குப் பொருந்தும். இறங்காமல் கப்பலிலேயே இருந்துவிடுகிறேன் என்ற சமாதானத்தைக் கவுன்ட்டரில் ஏற்கமாட்டார்கள்.

மகன் சியாட்டிலில் இருக்கிறான். நாங்கள் அமெரிக்க விசிட்டர் விசாவில் போகிறோம். அங்கிருந்து அலாஸ்கா கப்பல், முழுக்க அமெரிக்கா என்பதால் வேறு விசா வேண்டாம் என்கிறான். சரியா? (சென்னை வாசகர்)

அலாஸ்கா அமெரிக்காதான். ஆனால் கப்பல் நடுவில் கனடாவில், பெரும்பாலும் விக்டோரியாவில் நிற்கும். அதற்குக் காரணம் 1886-ல் வந்த அமெரிக்கச் சட்டம். வெளிநாட்டுக் கொடியுள்ள கப்பல் அமெரிக்கத் துறைமுகங்களுக்குள்ளேயே பயணிகளை ஏற்றி இறக்கக்கூடாது, வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றையாவது தொட்டாக வேண்டும். பெரிய சுற்றுலாக் கப்பல்கள் பெரும்பாலும் பஹாமாஸ், பனாமா போன்ற நாடுகளின் கொடியுள்ளவை. சில மணி நேரம் நின்றாலும் கனடா கனடாதான். இந்திய பாஸ்போர்ட்டுக்குக் கனடா விசா வேண்டும், இல்லையென்றால் சியாட்டில் துறையிலேயே ஏறவிடமாட்டார்கள். அமெரிக்கக் குடிமக்களுக்கு உள்ள சலுகையைப் பார்த்துவிட்டு நமக்கும் அதுதான் என்று நினைப்பதால் வரும் குழப்பம் இது. அமெரிக்கர்களுக்கே டிக்கெட் போட்டுப் பழகிய ஏஜென்ட்டும் இங்கே சறுக்கலாம். இந்திய பாஸ்போர்ட் என்பதை முதல் மெயிலிலேயே சொல்லுங்கள்.

நண்பர்கள் 9 குடும்பம் சேர்ந்து போகிறோம். தனித்தனியாகப் போடுவதா, ஒரே ஏஜென்ட்டிடமா? (ஈரோடு வாசகர்)

ஒரே ஏஜென்ட்டிடம் குரூப்பாகப் போடுங்கள். பல கம்பெனிகளில் 8 அறை எடுத்தால் குரூப். முழுக் கட்டணம் கட்டும் 16 பேருக்கு ஓர் ஆள் டிக்கெட் இலவசம், வரி மட்டும் கட்ட வேண்டும். அறையில் மூன்றாவது, நான்காவதாகப் படுக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். அந்த இலவச டிக்கெட் யாருக்கு, உங்கள் 9 குடும்பத்துக்கும் பிரிகிறதா, ஏஜென்ட்டுக்கா என்று முதல் பேச்சிலேயே முடிவு செய்யுங்கள். புக்கிங் எண்களை இணைத்தால்தான் இரவு உணவுக்குப் பக்கத்துப் பக்கத்து மேசை கிடைக்கும். சைவம், ஜைன உணவு வேண்டுவோர் பட்டியலை ஒன்றரை மாதம் முன்பே கொடுத்துவிடுங்கள்.

ஏஜென்ட்டால் கெடுதலே கிடையாதா? (திருநெல்வேலி வாசகி)

உண்டு. ஏஜென்ட் வழியாகப் போட்ட டிக்கெட்டைப் பற்றிக் கம்பெனிக்கு நீங்கள் போன் செய்தால் "உங்கள் ஏஜென்ட்டிடம் பேசுங்கள்" என்றுதான் பதில் வரும். தேதி மாற்றவும் ரத்து செய்யவும் அவரே செய்ய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போன் எடுக்காதவர் என்றால் திண்டாட்டம். ரத்துக்குக் கம்பெனி பிடிப்பது போக ஏஜென்ட் தனியாகப் பிடிப்பாரா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தியத் துறைமுகத்திலிருந்து இரண்டு மூன்று இரவு மட்டும் போய்வரும் பயணம், விசா வேண்டாம், அறை எதுவானாலும் பரவாயில்லை என்றால் நீங்களே போடலாம். அதற்கு ஏஜென்ட் அவசியமில்லை.

பணம் வாங்கிக்கொண்டு டிக்கெட் போடாமல் விட்டுவிட்டால்? எப்படிக் கண்டுபிடிப்பது? (சேலம் வாசகர்)

ஏஜென்ட் கொடுக்கும் ரசீதை நம்பி இருக்காதீர்கள். கப்பல் கம்பெனியின் புக்கிங் எண்ணை வாங்கி, கம்பெனியின் வெப்சைட்டில் நீங்களே போட்டுப் பாருங்கள். பெயர், கப்பல் தேதி, அறை எண் மூன்றும் வர வேண்டும். "ஹோல்டு" என்று இருந்தால் அறை சில நாட்களுக்கு மட்டும் ஒதுக்கப்பட்டிருக்கிறது, பணம் போய்ச் சேரவில்லை. முன்பணம் கட்டிய பிறகும் மீதித் தொகைக்குக் கெடு உண்டு. பெரும்பாலும் பயணத்துக்கு 75 முதல் 120 நாள் முன்னால். கெடு தாண்டினால் கம்பெனி டிக்கெட்டை ரத்து செய்துவிடும், ஏஜென்ட்டிடம் நீங்கள் முன்பே கொடுத்திருந்தாலும் சரி. ஆகவே கெடுவுக்கு இரண்டு நாள் முன்பு அதே வெப்சைட்டில் மீதி பூஜ்யம் என்று காட்டுகிறதா என்று மறுபடி பாருங்கள். அன்றைக்கே அதே வகை அறையின் விலையையும் பாருங்கள். குறைந்திருந்தால் கெடுவுக்குள் ஏஜென்ட்டிடம் சொல்லிப் புது விலைக்கு மாற்றித்தரக் கேட்கலாம். கெடு முடிந்த மறுநாள் கேட்டால் பெரும்பாலும் நடக்காது.