கேள்வி – பதில்: அனுமதிக்குப் பிறகும் தொடரும் ஆய்வு

கேள்வி: புதிய மருந்தைக் கண்டுபிடிப்பவரின் பணி புரிகிறது. அனுமதி பெற்று விற்பனைக்கே வந்துவிட்ட மருந்தின் பாதுகாப்பைப் பற்றி ஒருவர் வாழ்நாள் முழுவதும் ஆராய என்ன இருக்கிறது?

பதில்: நிறைய இருக்கிறது. மருந்துகள் மனித உடலில் எப்படிச் செயல்படுகின்றன என்பதை ஆராயும் மருத்துவ மருந்தியல் துறையின் பணிகளில் இதுவும் ஒன்று. அனுமதிக்கு முன் ஒரு மருந்து பெரும்பாலும் சில ஆயிரம் பேருக்கே கொடுத்துப் பார்க்கப்படுகிறது; அவர்களிலும் கர்ப்பிணிகள், மிக முதியவர்கள், ஒரே சமயத்தில் பல மருந்துகளை உட்கொள்பவர்கள் போன்றோர் குறைவு. 3,000 பேரில் ஒருவருக்கும் ஒரு பக்கவிளைவு தோன்றவில்லை என்றால், அது 1,000 பேரில் ஒருவருக்கு மேல் வராது என்று 95 விழுக்காடு உறுதியோடு சொல்லலாம், அவ்வளவுதான். 10,000 பேரில் ஒருவரைத் தாக்கும் கேடு, மருந்து லட்சக்கணக்கானோரைச் சென்றடைந்த பின்பே கண்ணில் படும்.

டெர்ஃபெனாடின் என்ற ஒவ்வாமை மருந்து, உறக்கம் வரவழைக்காதது என்பதால் 1980களில் பல நாடுகளில் பரவலாக உட்கொள்ளப்பட்டது. அதனுடன் கீட்டோகோனசோல் என்ற பூஞ்சை எதிர்ப்பு மருந்தையும் எடுத்துக்கொண்ட 39 வயதுப் பெண் ஒருவருக்கு, ஈசிஜியில் க்யூடி இடைவெளி (ஒரு துடிப்பின்போது இதயக் கீழறைகள் மின்தூண்டல் பெற்று மீள எடுக்கும் நேரம்) நீண்டு, உயிரையே பறிக்கக்கூடிய துடிப்புக் கோளாறு ஏற்பட்டதை 1990இல் ஒரு மருத்துவ இதழ் வெளியிட்டது. ஒரே ஒரு நோயாளியின் விவரம்தான். ஆனால் அதைத் தற்செயல் என்று ஒதுக்காமல் பின்தொடர்ந்தவர்கள் காரணத்தைக் கண்டறிந்தார்கள். டெர்ஃபெனாடினைக் கல்லீரல் நொதி ஒன்று ஏறத்தாழ முழுவதுமாக வேறொரு பொருளாக மாற்றிவிடுகிறது. ஒவ்வாமையைத் தணிப்பது பெரும்பாலும் அந்தப் பொருளே. கீட்டோகோனசோல் அந்த நொதியைத் தடுத்ததும், மாறாத மருந்து இரத்தத்தில் தேங்கி, ஒவ்வொரு துடிப்புக்கும் பின் இதயத் தசைச் செல்கள் மீள உதவும் பொட்டாசியம் வழிகளை அடைத்துவிட்டது. எரித்ரோமைசின் என்ற நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தும் அதே நொதியைத் தடுக்கும் என்பதும் தெரிய வந்தது. அந்த மாற்றுப் பொருளே ஃபெக்ஸோஃபெனாடின் என்ற பெயரில் தனி மருந்தாக 1996இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 1998இல் டெர்ஃபெனாடின் அங்கு திரும்பப் பெறப்பட்டது. நோயாளியின் படுக்கையருகில் எழுந்த ஐயம் ஆய்வகம் வரை சென்று, பாதுகாப்பான மருந்தாகத் திரும்பி வந்த இந்த நிகழ்வைவிட மருத்துவ மருந்தியலுக்கு நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: இத்துறைக்கு வர என்ன படிக்க வேண்டும்? தொடக்கத்தில் என்ன வேலை இருக்கும்?

பதில்: மருத்துவம் படித்து மருந்தியலில் மேற்படிப்பு முடிப்பது ஒரு வழி, மருந்தாளுநர் படிப்பிலிருந்து முனைவர் பட்டத்துக்குச் செல்வது மற்றொன்று. எந்த வழியில் வந்தாலும் புள்ளியியலைத் தட்டிக்கழிக்காதீர்கள். தொடக்க ஆண்டுகளில் பலர் செய்வது பக்கவிளைவு அறிக்கைகளை மதிப்பிடுவதுதான். மருந்து தொடங்கிய தேதி, தொல்லை தொடங்கிய தேதி, நிறுத்தியதும் அது தணிந்ததா, மீண்டும் கொடுத்தபோது திரும்பியதா, வேறு காரணம் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். 1981இல் வெளியான நரான்ஹோ அளவுகோல் இதையே 10 கேள்விகளாக வகுத்துத் தருகிறது. எரிச்சலூட்டும் உண்மை என்னவென்றால், முக்கியமான தேதியே விடுபட்ட அறிக்கைகள் ஏராளம். கர்ப்பிணிகள் உட்கொண்ட தாலிடோமைடு என்ற மருந்தால் ஆயிரக்கணக்கான குழந்தைகள் உறுப்புக் குறைபாடுகளுடன் பிறந்த பேரழிவை அடுத்து 1968இல் உலக சுகாதார நிறுவனம் தொடங்கிய பன்னாட்டுத் திட்டத்தின் தரவுத்தளம், இன்று ஸ்வீடனின் உப்சாலாவில் பராமரிக்கப்படுகிறது. அங்கே குவிந்திருப்பவையும் இத்தகைய அறிக்கைகளே.

கேள்வி: மருந்து நிறுவனத்தின் பணத்தில் நடக்கும் பாதுகாப்பு ஆய்வை நம்பலாமா?

பதில்: பணம் யாருடையது என்பதைவிட, முழுத் தரவும் வெளியார் பார்வைக்கு வருகிறதா என்பதையே நான் முதலில் பார்ப்பேன். ரோஃபெகாக்ஸிப் என்ற வலி நிவாரணியை நாப்ராக்சன் என்ற மற்றொரு வலி நிவாரணியுடன் ஒப்பிட்ட பெரிய ஆய்வு 2000இல் வெளியானபோது, ரோஃபெகாக்ஸிப் எடுத்தவர்களிடம் மாரடைப்பு மிகுந்திருந்தது. நாப்ராக்சன் இதயத்தைக் காத்ததால்தான் அப்படித் தெரிகிறது என்று விளக்கம் சொல்லப்பட்டது. வெற்று மாத்திரையோடு ஒப்பிட்ட வேறொரு ஆய்வில் இதயக் கேடு தெளிவான பின், 2004 செப்டம்பரில் அம்மருந்து உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. கணக்கை நிறுத்திய தேதிக்குப் பின் நேர்ந்த மூன்று மாரடைப்புகள் முதல் கட்டுரையில் சேர்க்கப்படவில்லை என்பதை, அதை வெளியிட்ட இதழே 2005இல் வெளிப்படுத்தியது. ஆகவே ஆய்வைப் படிக்கும்போது யாருடன் ஒப்பிட்டார்கள், எந்தத் தேதியோடு கணக்கை நிறுத்தினார்கள் என்ற இரண்டையும் முடிவுரைக்கு முன்பே பாருங்கள்.