வளைகாப்பு வரை காத்திருக்க வேண்டாம்

(எழுதியவர் கேட்டுக்கொண்டபடி பெயர், ஊர் எதுவும் இல்லாமல் கடிதத்தைச் சுருக்கி வெளியிடுகிறேன்.)

அன்புள்ள அக்காவுக்கு,

என் தங்கைக்கு இது ஐந்தாம் மாதம். மாப்பிள்ளை அவளை அடிக்கிறார் என்பது போன வாரம்தான் எங்களுக்குத் தெரியும். என் மனைவியிடம் மட்டும் போனில் சொல்லியிருக்கிறாள். ஒருமுறை கீழே தள்ளி உதைத்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் கேட்டபோது பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லிவிட்டாளாம். “ஏழாம் மாசம் வளைகாப்பு போட்டு முறையா கூட்டிட்டு வந்துடலாம், குழந்தை முகத்தைப் பார்த்தா அவர் மாறிடுவார்” என்கிறார் அம்மா. இப்போதே கூட்டிவந்தால் ஊர் பேசும் என்கிறார் மாமா. இன்றே போய் அழைத்து வாருங்கள் என்கிறாள் மனைவி. எனக்கோ நாலு பேரோடு போய் அவரை மிரட்டிவிட்டு வர வேண்டும் போல இருக்கிறது. என்ன செய்வது?

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. தங்கை அவரிடம் மனம் திறந்திருக்கிறாள் என்பதே பெரிய விஷயம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, வன்முறைக்கு ஆளான பெண்களில் 77 சதவீதம் பேர் யாரிடமும் சொன்னதில்லை, உதவியும் கேட்டதில்லை.

முதலில் உடம்பு. வயிற்றில் அடிபட்டால் வெளியே கீறல்கூட இல்லாமல் உள்ளே நஞ்சுக்கொடி கர்ப்பப்பையிலிருந்து பிரியலாம். சில சமயம் அது தெரியவே பல மணி நேரம் ஆகும். ரத்தப்போக்கு, வயிறு இறுகி வலிப்பது, தெரிய ஆரம்பித்த குழந்தையின் அசைவு குறைவது, இதில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ரத்த வகை நெகட்டிவ் என்றால் அடிபட்டதும் அதைச் சொல்லிவிட வேண்டும், அதற்குத் தனி ஊசி தேவைப்படலாம். ஒன்றும் தெரியவில்லை என்றாலும் ஒருமுறை மகப்பேறு மருத்துவரைப் பார்க்கட்டும். அடித்தார்கள் என்ற உண்மையைச் சொல்லட்டும். விழுந்தேன் என்றால் ஒரு மாதிரி பரிசோதிப்பார்கள், உதைபட்டேன் என்றால் வேறு மாதிரி பரிசோதிப்பார்கள். மருத்துவக் குறிப்பில் பதிவானால் பின்னால் கோர்ட்டில் அதுவே சாட்சி.

அம்மா சொல்லும் வளைகாப்பு பற்றி. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்ற வழக்கத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. எத்தனையோ பெண்களுக்கு மூச்சுவிட இடம் கொடுத்த வழக்கம் அது. ஆனால் அதே வழக்கம்தான் இப்போது உங்கள் வீட்டைத் தேதி பார்த்துக் காத்திருக்க வைக்கிறது. அந்த இரண்டு மாதமும் அவள் அங்கேதான் இருக்கப்போகிறாள். அதற்கப்புறம் நடப்பதையும் யோசித்துப் பாருங்கள். பிரசவம் முடிந்து மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ சீரோடு குழந்தையையும் கொடுத்து அனுப்பிவைப்பீர்கள். அடித்ததைப் பற்றி அங்கே யாரும் வாய் திறக்க மாட்டார்கள், நல்ல நாளில் எதற்கு என்று. இரண்டாவது பிள்ளை உண்டானால் பல வீடுகளில் வளைகாப்பும் கிடையாது, தாய்வீட்டுக்கு அழைப்பதும் கிடையாது. எனக்கு அந்த இரண்டாவது முறையை நினைத்தால்தான் அதிக பயம்.

குழந்தை வந்தால் மாறிவிடுவார் என்பதை அம்மா மனதாரத்தான் நம்புகிறார். உலக சுகாதார நிறுவனம் பத்து நாடுகளில் பெண்களிடம் கேட்டு 2005-இல் வெளியிட்ட ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது. கர்ப்பத்தில் அடி குறைந்தது என்று சொன்னவர்களும் அதில் உண்டு. ஆனால் கர்ப்ப காலத்தில் அடிபட்டவர்களில் கால் பங்கிலிருந்து பாதிப் பேர் வரை வயிற்றிலேயே குத்தோ உதையோ வாங்கியிருக்கிறார்கள். அடித்தவர்களில் 90 சதவீதத்துக்கும் மேல் அந்தக் குழந்தையின் தகப்பன்கள். வயிற்றில் இருக்கும்போதே தன் பிள்ளை என்று பார்க்காத கை அது. பிறந்த பிறகு மட்டும் நின்றுவிடும் என்று நம்பி உங்கள் தங்கையை அங்கே விட்டுவைக்க முடியாது.

நாலு பேரோடு மிரட்டப் போகாதீர்கள், தயவுசெய்து. நீங்கள் திரும்பி வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு, வீட்டு விஷயத்தை ஏன் வெளியே சொன்னாய் என்று அவளைத்தான் அடிப்பார்.

2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் இருக்கிறது. இதற்கு முதலில் போலீஸ் ஸ்டேஷன் படி ஏற வேண்டியதில்லை. மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருப்பார். அவரிடம் யார் வேண்டுமானாலும் தகவல் தரலாம், அண்ணன் என்ற முறையில் நீங்களும் தரலாம். அடிக்கக் கூடாது, அவள் இருக்கும் இடத்துக்கு வரக் கூடாது என்றெல்லாம் மாஜிஸ்ட்ரேட் உத்தரவு போட முடியும். மீறினால் ஒரு வருஷம் வரை சிறை. இன்னொன்றை மாமாவிடம் சொல்லுங்கள்: அவள் இப்போது உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாலும், புகுந்த வீட்டில் குடியிருக்கும் உரிமை அதனால் போய்விடாது. எதிலிருந்து தொடங்குவது என்று தெரியாவிட்டால் 181-ஐ அழையுங்கள், பெண்களுக்கான உதவி எண் அது.

இதைப் படிக்கும் செவிலியர்கள், டாக்டர்களிடமும் ஒரு வார்த்தை. இங்கே கர்ப்பிணிகள் மாதாமாதம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறார்கள். எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் எல்லாம் பார்க்கிறீர்கள். கூட வந்த மாமியாரையும் கணவரையும் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, “வீட்டுல யாராவது அடிக்கிறாங்களாம்மா?” என்று கேளுங்கள். அவளுக்குத் தனியாகக் கிடைக்கும் ஐந்து நிமிடம் சில சமயம் அது மட்டும்தான். மும்பை பாந்த்ராவில் பாபா மாநகராட்சி மருத்துவமனைக்குள்ளேயே ‘தில்லாசா’ என்ற ஆலோசனை மையம் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நடக்கிறது. அடிபட்டு வரும் பெண்ணைச் சிகிச்சை முடிந்த கையோடு அங்கே அனுப்பிவைக்கிறார்கள். நம் தாலுகா ஆஸ்பத்திரிகளிலும் இப்படி ஒன்று இருக்க வேண்டும் என்று கேட்க நமக்கு எல்லா உரிமையும் உண்டு.

தம்பி, எதைச் செய்வதானாலும் தங்கையைக் கேட்டுச் செய்யுங்கள். மாப்பிள்ளை வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து உங்கள் மனைவி பேசட்டும். மகப்பேறு அட்டை, ஸ்கேன் ரிப்போர்ட், ஆதார், பாங்க் புத்தகம் இவற்றை ஒரே பையில் எடுத்து வைக்கச் சொல்லட்டும். வருகிறேன் என்றால் அன்றைக்கே கூட்டி வாருங்கள், உடம்புக்கு முடியவில்லை என்பது போதுமான காரணம். வரவில்லை என்றால் கோபப்படாதீர்கள், இரண்டு நாள் கழித்து மறுபடி கேளுங்கள். பிரசவத்துக்குப் பிறகு அவளை எப்போது அனுப்புவது என்ற பேச்சு வரும்போது, அனுப்புவதா வேண்டாமா என்பதையும் அவளே முடிவு செய்யட்டும்.

அன்புடன்,
அக்கா