ஒன்லைன் போக்கர் டோர்னமென்டில் எதிராளி பிளஃப் செய்வதை (கையில் ஒன்றுமில்லாமல் வெருட்டுவதை) எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தக் கேள்வியைக் கண்டபிறகு பேசாமல் போக மனம் வரவில்லை. கேட்டவர் அனேகமாகக் கடைசி இரண்டு மேசை வரை வந்து, யாரோ ஓல்-இன் (மிச்சமுள்ள சிப்ஸ் முழுவதையும் பந்தயமாக) போட, என்ன செய்வதென்று தெரியாமல் தவித்திருப்பார். எனக்கும் அதுதான் நடந்தது.

2022 பெப்ரவரி, கொழும்பு வெள்ளவத்தை வீடு. ஐரோப்பாவின் ஞாயிறு மாலை டோர்னமென்ட் நமக்கு விடியற்புறம்தான் கடைசிக் கட்டத்துக்கு வரும். என் கையில் ஆஸ், ராணி. ஃபிளாப்பில் (எல்லோருக்கும் பொதுவாக மேசையில் திறக்கும் முதல் மூன்று கார்டில்) ராணி, எட்டு, மூன்று. ராணியும் எட்டும் ஸ்கோப்பன் (ஸ்பேட்). நான் பந்தயம் வைத்தேன், எதிராளி கோல் (அதே அளவு வைத்துத் தொடர்ந்தார்). டர்னில் (நான்காவது கார்ட்) டயமன் ஆறு. மறுபடி வைத்தேன், மறுபடி கோல். ரிவரில் (ஐந்தாவது, கடைசிக் கார்ட்) ஸ்கோப்பன் இரண்டு. அதுவரை பின்னாலேயே வந்தவர், கொடுத்த நேரம் முழுவதையும் எடுத்துக் கடைசி விநாடியில் ஓல்-இன் போட்டார். ஃபிளஷ் (ஒரே இனத்தில் ஐந்து கார்ட்) இருந்தால் உடனே அழுத்தியிருப்பார், யோசிப்பதால் வெருட்டுகிறார் என்று நம்பி கோல் பண்ணினேன். அவரிடம் ராஜா, பத்து, இரண்டும் ஸ்கோப்பன்.

என் பிழை அடுத்த மாதம்தான் புரிந்தது. 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாட்கள். ஃபுல் ஹவுஸோடு (ஃபிளஷையும் வெல்லும் கை) இருக்கும்போது கரண்ட் போய் ரௌட்டர் அணைந்தது. ஃபோன் டேட்டாவில் திரும்ப நுழைந்து அழுத்தும்போது இரண்டு விநாடிதான் மிச்சம். எதிராளி உடனே கோல் பண்ணினார். நான் தயங்கி வெருட்டுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். நேரத்தை வைத்து ஆளை எடைபோடாதீர்கள். அவர் நான்கு மேசையில் ஆடிக்கொண்டிருக்கலாம், தேநீர் ஊற்றப் போயிருக்கலாம்.



சரி, எதைப் பார்ப்பது? 304 சீட்டாட்டம் ஆடியவர்களுக்குத் தெரியும், துரும்பு கவிழ்ந்துதான் இருக்கும். கொட்டாஞ்சேனையில் பெரியப்பா சொல்வார்: “மூஞ்சையைப் பாராதை, இறக்கின கடதாசியைப் பார்.” பெப்ரவரியில் என்னை வென்ற மனிதர் இரண்டு தடவை கோல் பண்ணி, மூன்றாவது ஸ்கோப்பன் விழுந்ததும் வைத்தார். ஃபிளஷுக்குக் காத்திருந்தவர் அப்படித்தானே ஆடுவார்? கதை தொடக்கம் முதல் பொருந்தியிருந்தது. நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எதிர்பார்த்த கார்ட் வராமல் போகும்போதுதான் நான் இப்போது கூடுதலாகச் சந்தேகப்படுவேன். காத்திருந்தவர் கையில் ஒன்றுமில்லை, வெருட்டினால் மட்டுமே அவர் வெல்லலாம். 2003 போக்கர் உலகத் தொடரின் இறுதியில் கிறிஸ் மணிமேக்கர் செய்தது அதைத்தான். ஃபிளஷும் வரவில்லை, ஸ்ட்ரெயிட்டும் (வரிசையாக ஐந்து கார்ட்) வரவில்லை, ஓல்-இன் போட்டார். நேருக்கு நேர் இருந்த சாம் ஃபர்ஹாவே இரண்டு ஒன்பது கொண்ட ஜோடியை ஃபோல்ட் செய்தார் (கைவிட்டார்).

அப்புறம் விலை. பொட்டில் (நடுவில் சேர்ந்த பந்தயத்தில்) 1,000 இருக்க அவர் 500 வைத்தால், நான்கில் ஒரு தடவை நீங்கள் சரியாக இருந்தாலே கோல் நட்டமில்லை. 1,000 வைத்தால் மூன்றில் ஒன்று. ஆனால் டோர்னமென்டில் பரிசு கிடைக்கும் எல்லைக்குக் கிட்ட வரும்போது இந்தக் கணக்கு போதாது. போன சிப்ஸோடு நீங்களும் வெளியே போய்விடுவீர்கள். அது தெரிந்துதான் பெரிய குவியல் வைத்திருப்பவர் அந்த நேரத்தில் நடுத்தரக் குவியல்காரரை வெருட்டுவார்.

சால்வர் (ஆட்டத்தைக் கணக்கிடும் மென்பொருள்) வைத்துப் படித்தவர்கள் வேறு சொல்லலாம், மறுக்கவில்லை. நான் பேசுவது இரண்டு மூன்று டொலர் மேசைகளை. அங்கே சும்மா கோல் பண்ணிக்கொண்டு வருபவர் ரிவரில் திடீரென்று பெரிதாக வைத்தால் பெரும்பாலும் கையில் இருக்கும். சூதுக்கு ஆள் சேர்க்கிறேன் என்றும் யாரும் வரவேண்டாம். மாதத்துக்கு ஒதுக்கிய காசு முடிந்தால் நான் மேசையைத் திறப்பதில்லை.

அந்த ஸ்கோப்பன் ராஜாக்காரரின் பெயருக்குப் பக்கத்தில் ‘ரிவரில் பெரிதாக வைத்தால் இருக்கு’ என்று குறித்து வைத்திருக்கிறேன். பிறகு இரண்டு தடவை என் மேசைக்கு வந்தார், இரண்டு தடவையும் ஃபோல்ட் பண்ணினேன்.