ஆர்டர் நிறைய இருக்கிறது, கையில்தான் காசு இல்லை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பத்து வருடமாக ஒரே நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். சொந்தத் தொழில் ஆசை விடமாட்டேன் என்கிறது. ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் வைத்தால் எதுவும் உருப்படாது, வேலையை விட்டுவிட்டு இறங்கு என்கிறார் நண்பர். விட்டுவிடலாமா?

நண்பர் பேச்சைக் கேட்டு நாளைக்கே ராஜினாமா கடிதம் எழுதிவிடாதீர்கள். நைக்கியாகப் பின்னால் வளர்ந்த ஷூ வியாபாரத்தை ஃபில் நைட் 1964-ல் தொடங்கினார், அதற்கப்புறமும் சில வருடங்கள் கணக்காளராகச் சம்பளம் வாங்கிக்கொண்டுதான் இருந்தார். 1976-ல் ஆப்பிள் தொடங்கியபோது அதன் கூட்டாளிகளில் ஒருவரான வாஸ்னியாக் எச்.பி. நிறுவன ஊழியர். அமெரிக்காவில் தொழில் தொடங்கியவர்களைத் தொடர்ந்து கவனித்து 2014-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, வேலையில் இருந்தபடியே ஆரம்பித்து அப்புறம் முழுநேரமாக மாறியவர்கள் தொழிலைக் கைவிடும் வாய்ப்பு, நேராகக் குதித்தவர்களைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு என்கிறது.

சம்பளம் வருகிறவரை மோசமான வாடிக்கையாளரிடம் "முடியாது" என்று சொல்லும் தைரியம் உங்களுக்கு இருக்கும். அந்தத் தைரியம் போய்விட்டால் கிடைத்த விலைக்கு எல்லாம் தலையாட்ட வேண்டிவரும். நேரம் போதாமல் வருகிற ஆர்டரைத் திருப்பி அனுப்புகிறீர்கள், அதுவும் இரண்டு மூன்று மாதமாகத் தொடர்கிறது என்றால் அப்போது வேலையை விடுங்கள். தொழிலைத் தொடங்கும் முன் உங்கள் வேலை ஒப்பந்தத்தை ஒருமுறை முழுக்கப் படியுங்கள், பக்கத் தொழில் கூடாது என்று எழுதியிருக்கலாம். அலுவலக கம்ப்யூட்டரையும் அலுவலக வாடிக்கையாளர் பட்டியலையும் எந்தக் காரணத்துக்காகவும் தொடாதீர்கள்.

கேள்வி: ஒரு புது ஐடியா வைத்திருக்கிறேன். வெளியே சொன்னால் யாராவது தூக்கிவிடுவார்களோ என்று பயம், நெருங்கிய நாலு பேரிடம் மட்டும் சொன்னேன். எல்லோருமே பிரமாதம் என்றார்கள். ஆரம்பிக்கலாமா?

அந்த நாலு பேருக்கும் உங்களைப் பிடிக்கும், உங்கள் மனம் நோக அவர்கள் பேசமாட்டார்கள். அதனால் அந்தப் "பிரமாதம்" கணக்கில் சேராது. ஐடியா திருட்டைப் பற்றி இவ்வளவு பயமும் வேண்டாம், அடுத்தவர் ஐடியாவுக்காகத் தூக்கம் கெட்டு உழைக்க யாரும் காத்திருக்கவில்லை.

உங்களை முன்பின் தெரியாத, அந்தப் பொருளை வாங்கக்கூடிய இருபது பேரைப் பாருங்கள். உங்கள் ஐடியாவைச் சொல்லாதீர்கள், அவர்களைப் பேசவிடுங்கள். இந்தப் பிரச்னையை இப்போது எப்படிச் சமாளிக்கிறீர்கள், கடைசியாக எப்போது இதற்குக் காசு செலவழித்தீர்கள், எவ்வளவு? பதில் சொல்லத் திணறினால் அவர்களுக்கு அது பெரிய பிரச்னையே இல்லை என்று அர்த்தம். அப்புறம் ஒரு சின்ன அட்வான்ஸ் கேட்டுப் பாருங்கள், முகம் மாறுவதைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

1999-ல் இணையத்தில் ஷூ விற்க நினைத்த நிக் ஸ்வின்மர்ன் சரக்கே வாங்கவில்லை. கடைகளுக்குப் போய் ஷூக்களைப் படம் எடுத்து இணையத்தில் போட்டார், ஆர்டர் வந்ததும் அதே கடையில் முழு விலை கொடுத்து வாங்கி அனுப்பினார். அதில் லாபம் கிடையாது, காலில் போட்டுப் பார்க்காமல் ஜனங்கள் ஷூ வாங்குவார்களா என்ற ஒரே கேள்விக்கு விடை கிடைத்தது. அதுதான் பின்னால் சாப்போஸ் என்ற பெரிய இணைய ஷூ கடை ஆனது.

அதே 1999-ல் பங்குச்சந்தைக்கு வந்த வெப்வேன், மளிகையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் நிறுவனம். போதுமான ஜனங்கள் வாங்குவார்களா என்று முழுதாகத் தெரியும் முன்பே பிரம்மாண்ட கிடங்குகள் கட்ட 100 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டது. 2001-ல் திவால்.

கேள்வி: தொழில் தொடங்கி இரண்டு வருடம். ஆர்டர் மாதாமாதம் ஏறுகிறது, கணக்கு எழுதுகிறவர் லாபம் என்கிறார். ஆனால் சம்பளத் தேதி வந்தால் கைமாற்று வாங்க ஓடுகிறேன். எங்கே தப்பு?

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். இரண்டாவது வருடத்தில் நானும் இதே பள்ளத்தில்தான் விழுந்தேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு கணக்குப் போடுவோம். 100-க்கு ஆர்டர் வருகிறது. மூலப்பொருள், கூலி எல்லாம் சேர்த்து 80 உடனே வெளியே போகிறது. வாங்கியவர் மூன்று மாதம் கழித்துத்தான் பணம் தருவார். இரண்டாம் மாதம் ஆர்டர் 200, மூன்றாம் மாதம் 400 என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்தில் உங்கள் கையிலிருந்து போனது 80, 160, 320, மொத்தம் 560. உள்ளே வந்தது பூஜ்யம். காகிதத்தில் பார்த்தால் 700-க்கு வியாபாரம், 140 லாபம்! நான்காம் மாதம் முதல் 100 வந்து சேரும், அதே மாதம் 800-க்கு ஆர்டர் வந்தால் 640 வேண்டும். அப்போது பள்ளம் 1,100. வியாபாரம் எவ்வளவு வேகமாக வளர்கிறதோ அவ்வளவு வேகமாகப் பள்ளமும் ஆழமாகிறது, உங்கள் உழைப்பில் குறையே இல்லாதபோதும்.

பெரிய நிறுவனங்களும் இதில் மாட்டியிருக்கின்றன. 1,000 டாலரோடு 1984-ல் தொடங்கிய கம்ப்யூட்டர் நிறுவனம் டெல், 1992-ல் விற்பனையை இரண்டு மடங்குக்கு மேல் ஆக்கிவிட்டு, அடுத்த வருடமே நஷ்டத்திலும் பணத் தட்டுப்பாட்டிலும் சிக்கியது. அப்புறம் மைக்கேல் டெல் வரிசையை மாற்றினார்: முதலில் கையில் ரொக்கம், பிறகு லாபம், கடைசியில்தான் வளர்ச்சி. 90-களின் நடுவில் ஏறக்குறைய ஒரு மாதத்துக்கு இருந்த சரக்கு இருப்பு, சில வருடங்களில் ஏழெட்டு நாளுக்குக் குறைந்தது. வாடிக்கையாளரிடம் முதலில் பணம், சப்ளையருக்குப் பிறகு பணம் என்று ஆனதும் வளர்ச்சியே அவர்களுக்குக் காசு கொண்டுவந்தது.

நான் செய்தது ரொம்பச் சாதாரணம். ஒரு நீள நோட்டில் கோடு போட்டு, சரக்கு கொடுத்த தேதி ஒரு பக்கம், பணம் வந்த தேதி எதிர்ப்பக்கம் எழுதினேன். மூன்று வாரத்தில் ஒரு விஷயம் புலப்பட்டது. என் மொத்தப் பாக்கியில் பாதிக்கு மேல் ஒரே வாடிக்கையாளரிடம் நின்றது, அவர்தான் எனக்கு ரொம்ப வேண்டியவர், "அவர் எங்கே போய்விடப் போகிறார்" என்று கேட்காமலே விட்டிருந்தேன். போய் உட்கார்ந்து பேசினேன், இனி பாதி அட்வான்ஸ் தந்தால்தான் வேலை தொடங்கும் என்று சொல்லும்போது குரல் நடுங்கியது. அவர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார். எல்லோரும் அப்படிச் சொல்லமாட்டார்கள், ஒருவர் ஆர்டரையே நிறுத்திவிட்டார். பரவாயில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

நீங்கள் இந்த வாரமே செய்ய வேண்டியது: பில்லைச் சரக்கோடு சேர்த்தே அனுப்புங்கள், மாதக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். கெடு முடிவதற்கு நாலு நாள் முன்பே போன் செய்து ஞாபகப்படுத்துங்கள், முடிந்த பிறகு கேட்டால் சண்டை மாதிரி ஆகிவிடும். அடுத்த பதின்மூன்று வாரத்துக்கு என்ன வரும், என்ன போகும் என்று வாரவாரியாக எழுதுங்கள். எந்த வாரம் பற்றாக்குறை என்று இரண்டு மாதம் முன்பே தெரிந்தால் வங்கியிடம் நிதானமாகப் பேசலாம். பணம் வரும் வேகத்துக்கு மேல் ஆர்டர் எடுக்காதீர்கள், இது கஷ்டமான வேலை, தெரிந்துதான் சொல்கிறேன்.

கேள்வி: பள்ளிக்கூட நண்பனோடு கூட்டுத் தொழில். பத்திரம் எழுதலாம் என்றால் "என்மேல் நம்பிக்கை இல்லையா" என்கிறான்.

நட்பு நீடிக்க வேண்டும் என்றால் கட்டாயம் எழுதுங்கள். யார் எவ்வளவு போட்டார், யாருக்கு என்ன பொறுப்பு, ஒருவர் நடுவில் விலகினால் அவர் பங்கு என்ன ஆகும், இருவருக்கும் கருத்து ஒத்துப்போகாவிட்டால் யார் சொல் செல்லும், எல்லாமே எழுத்தில் வரட்டும். புது நிறுவனங்களில் பரவலாக உள்ள வழக்கம் ஒன்று உண்டு: பங்கு முழுதும் முதல் நாளே கைக்கு வராது, நான்கு வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும், முதல் வருடத்துக்குள் போய்விட்டால் ஒன்றும் கிடையாது.

ஆப்பிளின் மூன்றாவது கூட்டாளி ரொனால்ட் வெய்ன் தன் 10 சதவீதத்தை 12 நாளில் விட்டுவிட்டு 800 டாலர் வாங்கிக்கொண்டதைக் கேலியாகவே பேசுகிறார்கள். எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு. சாதாரணக் கூட்டு வியாபாரத்தில் ஒரு கூட்டாளி வாங்கும் கடனுக்கு மற்றவரின் சொந்தச் சொத்தும் பொறுப்பாகும், மூவரில் பறிகொடுக்கச் சொத்து வைத்திருந்தவர் அவர்தான். உங்கள் பெயரில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு, கடன் பொறுப்பு நீங்கள் போட்ட முதலோடு நிற்கும் வடிவத்தில் நிறுவனத்தைப் பதிவு செய்யலாமா என்று ஒரு வக்கீலிடம் கேளுங்கள்.

கேள்வி: வயது 48. இனிமேல் தொடங்கினால் சிரிப்பார்களா?

சிரிக்கட்டும். அமெரிக்காவில் மிக வேகமாக வளர்ந்த, ஆயிரத்தில் ஒன்று என்ற ரகப் புது நிறுவனங்களை ஆராய்ந்தபோது, தொடங்கியவர்களின் சராசரி வயது 45. உங்களுக்குப் பழகிய துறையிலேயே தொடங்குங்கள், ஓய்வுக்காலச் சேமிப்பை மட்டும் தொடாதீர்கள்.

கேள்வி: மூன்று வருடமாக இழுக்கிறேன். மூடிவிடலாமா, இன்னும் பார்க்கலாமா?

கிளிட்ச் என்ற இணைய விளையாட்டை ஸ்டூவர்ட் பட்டர்ஃபீல்டின் குழு 2012-ல் மூடியபோது வங்கியில் பணம் மிச்சம் இருந்தது. அதனால்தான் தங்களுக்குள் பேசிக்கொள்ள உருவாக்கியிருந்த கருவியை அவர்களால் தனிப் பொருளாக மாற்ற முடிந்தது, அதுதான் இன்று அலுவலகங்களில் செய்தி பரிமாறப் பயன்படும் ஸ்லாக்.

இன்னும் எவ்வளவு பணம், எத்தனை மாதம் இழந்தால் உங்கள் குடும்பம் தாங்கும்? அந்த எண்ணையும் ஒரு தேதியையும் இன்றே எழுதி, வீட்டில் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். தேதி வரும்போது புதிதாகக் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் கூடியிருந்தால் தொடருங்கள். இல்லையென்றால் ஊழியர்களின் சம்பளப் பாக்கியை முதலில் தீருங்கள், அடுத்து சப்ளையர்கள். முழுதாக முடியாவிட்டால் நேரில் போய்த் தவணை கேளுங்கள், போனை மட்டும் எடுக்காமல் இருக்காதீர்கள்.