குதிரைப் பந்தயத்தில் ஜெயித்த பணம்

கேள்வி: டப்ளினில் என்னோடு வேலை பார்க்கும் ஐரிஷ் நண்பர் பரம்பரை ஃபியன்னா ஃபால் கட்சிக்காரர். "எங்கள் பெர்ட்டி அஹெர்ன் மீது ஊழல் நிரூபிக்கப்படவே இல்லை. பத்திரிகைகளும் எதிர்க்கட்சிகளும் சேர்ந்து கட்சியின் பெயரைக் கெடுத்துவிட்டன" என்கிறார். இன்னொருவர் போட்டிக் கட்சியான ஷின் ஃபேனின் ஆதரவாளர். "அது மொத்தமும் திருட்டுக் கூட்டம்" என்கிறார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் தினமும் இதே சண்டைதான். யார் சொல்வது சரி?
– ஒரு வாசகர், டப்ளின்

பதில்: உங்கள் முதல் நண்பர் கெட்டிக்காரர். அறிக்கையில் இல்லாத ஒன்றை முன்னால் நிறுத்தி, இருக்கிற ஒன்றைப் பின்னால் ஒளித்துவிடுகிறார்.

அரசியல்வாதிகளுக்குப் போன பணத்தை விசாரித்த மஹன் ஆணையத்தின் அறிக்கை 2012 மார்ச்சில் வெளியானது. அயர்லாந்தின் முன்னாள் பிரதமர் அஹெர்ன் லஞ்சம் வாங்கினார் என்று அது சொல்லவில்லை. உண்மைதான். ஆனால் அவரோடு தொடர்புடைய கணக்குகளில் புழங்கிய 1,65,000 பவுண்டுக்கு மேற்பட்ட பணத்துக்கு அவர் உண்மையான விளக்கம் தரவில்லை என்று சொன்னது. பணம் எங்கிருந்து வந்தது என்றே தெரியாதபோது அது லஞ்சமா, அன்பளிப்பா, கடனா என்று எப்படி முடிவு கட்டுவது? ஆணையம் கைவிரித்தது அதனால்தான். அந்தக் கைவிரிப்பைத்தான் நண்பர் நற்சான்றிதழாக ஃப்ரேம் போட்டு மாட்டி வைத்திருக்கிறார். தான் எந்தத் தவறான பணமும் வாங்கவில்லை, ஆணையம் சொன்னது தவறு என்பது அஹெர்னின் வாதம். அதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

அவர் கொடுத்த விளக்கங்களை வரிசையாகப் படித்தால் பொழுது நன்றாகப் போகும். நாட்டின் நிதியமைச்சராக இருந்தவருக்கு, அந்தக் காலத்தில் சொந்தமாக வங்கிக் கணக்கே கிடையாதாம். சேமிப்பு 50,000 பவுண்டும் ரொக்கமாக அலுவலகப் பெட்டகத்தில் இருந்ததாம். மணமுறிவுச் சமயத்தில் நண்பர்கள் தாங்களாகவே பணம் திரட்டிக் கொடுத்தார்களாம். மான்செஸ்டரில் ஒரு விருந்தில் பேசப் போனவருக்கு அங்கிருந்த வியாபாரிகள் 8,000 பவுண்டு கொடுத்தார்களாம்.

2008 மார்ச்சில் அவருடைய முன்னாள் செயலாளர் சாட்சிக் கூண்டில் ஏறினார். தான் செலுத்தியதெல்லாம் அஹெர்னின் சம்பளப் பணம் என்று முன்பு சொல்லியிருந்தவர் அவர். சேமிப்பு நிறுவனத்தின் ஆவணங்களோ, போட்டது பிரிட்டிஷ் பவுண்டு என்று காட்டின. அப்போது அயர்லாந்துக்குத் தனிப் பவுண்டு இருந்தது; அதன் அமைச்சருக்குச் சம்பளம் பிரிட்டிஷ் நாணயத்தில் வராது. ஆவணங்களை எதிரே வைத்ததும் அந்தப் பெண்மணி கண்ணீரோடு அதை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. சில நாட்களிலேயே, ஏப்ரல் தொடக்கத்தில், அஹெர்ன் பிரதமர் பதவியிலிருந்து விலகுவதாக அறிவித்தார். ஜூன் மாதம் திரும்பவும் ஆணையத்தின் முன் வந்து, அந்தப் பிரிட்டிஷ் பவுண்டில் ஒரு பகுதி குதிரைப் பந்தயத்தில் ஜெயித்தது என்றார். நல்ல குதிரை. ஆனால் அதுவரை சொன்ன எந்த விளக்கத்திலும் அது ஓடவில்லை.

இருந்தாலும், எனக்கு அஹெர்னை விட அவரைச் சுற்றி நின்றவர்கள் மீதுதான் அதிகக் கோபம். அந்த மாதங்களில் மூத்த அமைச்சர்கள் என்ன செய்தார்கள்? தலைவரிடம் கேள்வி கேட்கவில்லை, ஆணையத்தைத் திட்டினார்கள். அதை அந்த அறிக்கையே கண்டித்து எழுதியிருக்கிறது. அந்த ஆணையத்தை 1997-ல் அமைத்ததே ஃபியன்னா ஃபால் தலைமையிலான அரசுதான்.

இது கட்சிக்கு முதல் அனுபவமாக இருந்திருந்தால் விட்டுவிடலாம். அதே கட்சியின் முந்தைய தலைவர் சார்லஸ் ஹாஹி இருக்கிறாரே. 1980 ஜனவரியில் பிரதமராகத் தொலைக்காட்சியில் தோன்றி, நாடு வருமானத்துக்கு மிஞ்சிச் செலவு செய்கிறது என்று மக்களுக்கு உபதேசம் செய்தவர். அந்த நாட்களில் அவருடைய சொந்த வங்கிக் கடன் பத்து லட்சம் பவுண்டைத் தாண்டியிருந்தது. வங்கி அதில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்துக் கணக்கை முடித்தது. சூப்பர்மார்க்கெட் அதிபர் பென் டன்னிடம் அவர் வாங்கியது மட்டும் 13 லட்சம் பவுண்டு. முதலில் மறுத்தார், 1997-ல் வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டார். அவருடைய சகாவும் அமைச்சருமான பிரையன் லெனிஹனின் கல்லீரல் மாற்று சிகிச்சைக்காக 1989-ல் நன்கொடை திரட்டினார்களே, அதில் கணிசமான பகுதியையும் ஹாஹி தன் செலவுக்கு எடுத்துக்கொண்டார் என்று, அவர் வாங்கிய பணத்தை விசாரித்த மொரியார்ட்டி ஆணையம் கண்டறிந்தது. கட்சித் தலைவருக்கு அரசு தரும் படிப்பணக் கணக்கிலிருந்து பாரிஸின் ஷார்வே கடைச் சட்டைகளுக்குப் பணம் போயிற்று. அந்தக் கணக்கின் காசோலைகளுக்கு இரண்டு கையெழுத்து வேண்டும். தொகை எழுதாத வெற்றுக் காசோலைகளில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த இரண்டாமவர் யார் தெரியுமா? அஹெர்ன்!

2006 ஜூனில் ஹாஹி இறந்தபோது அரசு மரியாதையோடு அடக்கம் நடந்தது. கல்லறை அருகே நின்று புகழுரை ஆற்றியவரும் அஹெர்ன்தான். அதே ஆண்டு டிசம்பரில் மொரியார்ட்டி ஆணையத்தின் அறிக்கை வந்தது.

அஹெர்னின் மறுபக்கத்தைச் சொல்லாவிட்டால் உங்கள் நண்பர் என்னையும் அந்தப் பத்திரிகைகளோடு சேர்த்துவிடுவார். 1998-ல் வட அயர்லாந்து அமைதி ஒப்பந்தத்துக்கு அவர் பட்ட பாடு பெரியது. பேச்சுவார்த்தையின் கடைசி வாரத்தில் தாயை இழந்தார். அடக்கம் நடந்த நாளிலும் பெல்ஃபாஸ்டுக்கும் டப்ளினுக்கும் மாறி மாறி ஓடினார். அந்தப் பெருமையை யாரும் பறிக்க முடியாது. ஆனால் பெல்ஃபாஸ்ட் சாதனையைக் கொண்டுவந்து டப்ளின் கணக்கில் வரவு வைக்க முடியாது.

இனி இரண்டாவது நண்பர். அவர் சிரித்துக்கொண்டே படிக்க வேண்டாம். ஷின் ஃபேனின் நீண்டகாலத் தலைவராக இருந்த ஜெர்ரி ஆடம்ஸ், ஐ.ஆர்.ஏ. என்ற ஆயுதக் குழுவில் தான் ஒருநாளும் உறுப்பினராக இருந்ததில்லை என்று சொல்லிவருகிறார். அயர்லாந்தில் அதை நம்பாதவர்கள் ஏராளம். அஹெர்னின் குதிரையை நம்பாதவர் ஆடம்ஸின் மறுப்பை மட்டும் எப்படி அப்படியே விழுங்குகிறார்? மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்! தவிரவும், "மொத்தமும் திருட்டுக் கூட்டம்" என்று ஒரே போடாகப் போட்டால், வெற்றுக் காசோலையில் கையெழுத்திட்டவரும், கிராமத்தில் தேர்தல் துண்டறிக்கை கொடுத்தவரும் ஒன்றாகிவிடுகிறார்கள். முன்னவருக்கு அதைவிட வசதியான வாதம் கிடையாது.

நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன்: ஃபியன்னா ஃபாலின் பழைய போட்டியாளரான ஃபினா கேல் கட்சிக்கும் இங்கே நெளிய இடமிருக்கிறது. அதே பென் டன், அந்தக் கட்சியின் அமைச்சர் மைக்கேல் லவ்ரியின் வீட்டைப் புதுப்பித்து விரிவாக்கிய செலவை ஏற்றது வெளியே வந்ததால் 1996-ல் அவர் பதவி இழந்தார். பிறகு சுயேச்சையாகத் தேர்தலுக்குத் தேர்தல் ஜெயித்துவருகிறார். 2025 ஜனவரியில் ஃபியன்னா ஃபாலும் ஃபினா கேலும் சேர்ந்து ஆட்சி அமைக்கத் துணை நின்ற சுயேச்சைக் குழுவுக்கு அவர்தான் தலைமை. தன் மீதான மொரியார்ட்டி ஆணைய முடிவுகளை அவரும் ஏற்கவில்லை.

சாப்பாட்டு மேஜையில் அடுத்த முறை ஊழல் நிரூபணமானதா என்ற பேச்சை விட்டுவிடுங்கள். 2007 தேர்தலில் 77 இடம் பிடித்த ஃபியன்னா ஃபால், வங்கிகள் கவிழ்ந்து நாடு கடனில் மூழ்கிய பிறகு 2011-ல் 20 இடத்துக்குச் சுருண்டது. அந்த நிலையில்தான், 2012-ல் அறிக்கை வந்ததும், தலைவர் மீஹோல் மார்ட்டின் அஹெர்னைக் கட்சியை விட்டு நீக்கத் தீர்மானம் கொண்டுவரப் போவதாக அறிவித்தார். அஹெர்ன் தானே விலகிக்கொண்டார். 2023-ல் அவர் மறுபடி உறுப்பினராகிவிட்டார். அப்போதும் தலைவர் மார்ட்டின்தான். இடைப்பட்ட பதினோரு ஆண்டில் அறிக்கையில் ஒரு வரி மாறவில்லை; அஹெர்ன் புதிய விளக்கம் எதுவும் தரவில்லை.

2012-ல் நீக்க முனைந்தது சரியா, 2023-ல் சேர்த்துக்கொண்டது சரியா? உங்கள் முதல் நண்பரிடம் இதைக் கேளுங்கள். இரண்டும் சரி என்று சொன்னால், பந்தயத்தில் ஓடிய குதிரையின் பெயரையும் கேட்டு எழுதுங்கள்.