காரத்தன்மை ஏறவில்லையா? மக்னீசியத்தை அளந்து பாருங்கள்

பவளம் வளர்க்கும் உங்கள் கடல்நீர்த் தொட்டியில் காரத்தன்மையை (நீரிலுள்ள கார்பனேட், பைகார்பனேட்டின் அளவை) ஏற்ற ஊற்றும் கார்பனேட் கரைசலின் அளவை இனியும் கூட்டாதீர்கள். முதலில் மக்னீசியத்தை அளந்து பாருங்கள். தினமும் ஊற்றியும் காரத்தன்மை 6.5 டிகேஎச்சைத் (காரத்தன்மையை அளக்கும் அலகு) தாண்டவில்லை, கால்சியமும் 360 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) இறங்கிவிட்டது, தொட்டி ஹீட்டரில் வெள்ளையாகப் படிகிறது என்கிறீர்கள். அந்தப் படிவிலேயே விடை இருக்கிறது. நீங்கள் ஊற்றுவது பவளத்துக்குப் போகாமல் சுண்ணாம்பாகிக் கல்லாய் ஒட்டிக்கொள்கிறது.

கடல்நீரில் மக்னீசியம் ஏறக்குறைய 1300 பிபிஎம் இருக்கும். சுண்ணாம்புப் படிகம் வளரத் தொடங்கும்போதே அதன் மேற்பரப்பில் புகுந்து வளர்ச்சியைத் தடுப்பது அதுதான். 1100க்குக் கீழே போனால் அந்தக் காவல் தளர்ந்துவிடும்.

ஹீட்டரின் மின்சாரத்தைத் துண்டித்து, ஆறவிட்டு, படிவைக் கொஞ்சம் சுரண்டி அதன்மேல் வினிகர் ஒரு சொட்டு விடுங்கள். பொங்கி நுரைத்தால் சுண்ணாம்புதான்.

மக்னீசியம் குறைவாக இருந்தால் உடனே மருந்து வாங்க ஓடவேண்டாம். உப்புத்தன்மை 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு) இருக்கிறதா என்று பாருங்கள். நீர் நீர்த்துப்போயிருந்தால் மக்னீசியம், கால்சியம் எல்லாமே சேர்ந்து குறைந்துதான் காட்டும்; அப்போது உப்பைச் சரிசெய்வதே மருந்து.

உப்பு சரியாக இருந்தால் மட்டும் மக்னீசியம் சேருங்கள், நாளொன்றுக்கு 100 பிபிஎம்முக்கு மேல் வேண்டாம். காரத்தன்மையையும் ஒரே நாளில் 1 டிகேஎச்சுக்கு மேல் ஏற்றாதீர்கள். அவசரப்பட்டு ஏற்றினால் கிளைப்பவளங்களின் நுனி வெந்ததுபோல் வெளுத்துவிடும். குறைந்த அளவிலேயே இன்னும் ஒரு வாரம் இருந்தாலும் அவை தாங்கிக்கொள்ளும்.