வெட்டுவதா, விடுவதா? – தோட்டக் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, போன நவம்பரில் லண்டன் ஹரோவில் வீடு வாங்கி வந்தோம். பின்வளவில் வேலியோரமாக ராஸ்பெரிப் பழச்செடி ஒரு நீட்டு வரிசை நிற்கிறது. பக்கத்து வீட்டுக்காரர், "பெப்ரவரியில் எல்லாவற்றையும் நிலத்தோடு வெட்டுங்கள்" என்கிறார். ஸ்கொட்லாந்தில் டண்டீயில் இருக்கிற மச்சாளோ, "வெட்டினால் இந்த வருசம் ஒரு பழமும் காணமாட்டாய்" என்கிறா. யாருடைய பேச்சைக் கேட்பது?
– வாசகி, ஹரோ

பதில்: இரண்டு பேரும் தங்கள் தங்கள் செடிக்குச் சரியாகத்தான் சொல்கிறார்கள், தங்கச்சி. மச்சாளிடம் நிற்பது கோடை இனம், பக்கத்து வீட்டாரிடம் இலையுதிர்கால இனம். உங்களிடம் எது என்பதுதான் தெரியவேண்டும்.

ராஸ்பெரித் தடி வாழை மாதிரி. குலை தள்ளினால் அந்த மரம் முடிந்தது, இனிக் குட்டிதான். கோடை இனத்தின் தடி முதல் வருசம் சும்மா வளரும். மறு வருசம் ஜூன் கடைசியிலும் ஜூலையிலும் காய்த்துவிட்டுச் செத்துப்போகும். மற்றதுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. வசந்தத்தில் முளைத்த தடியே ஆகஸ்ட் கடைசியில் நுனியில் காய்க்கத் தொடங்கி, உறைபனி விழும்வரை தரும். அதனால் அதை மொட்டையாக வெட்டினாலும் நட்டமில்லை. கோடை இனத்தை வெட்டினால், வரப்போகும் பழத்தையே வெட்டி எறிகிறீர்கள்.

பட்டுத்தான் சொல்கிறேன். அலொட்மென்ற் (வாடகைத் தோட்டத் துண்டு) எடுத்த முதல் வருசம், தேத்தண்ணிக் கோப்பையோடு நின்ற ஒருவர் வெட்டச் சொன்னார், நானும் பெப்ரவரியில் வெட்டித் தள்ளினேன். கோடையில் ஆளுயரத்துக்குப் பச்சைத் தடி, ஒரு பூ இல்லை. மனிசி ஜாமுக்கென்று கழுவி வைத்த போத்தல்களில் மிளகாய்த்தூள்தான் போட்டோம்.

இப்போது ஜனவரி. வெயில் உள்ள நேரம் பார்த்து வளவுக்குள் இறங்குங்கள். எல்லாத் தடியின் நுனியிலும் போன வருசத்துப் பழக்காம்பு காய்ந்து ஒட்டியிருந்தால் அது இலையுதிர்கால இனம். இரண்டு விதமான தடி கலந்து நின்றால், அதாவது ஒன்று சாம்பல் நிறத்தில் பட்டை உரிந்து, நீளத்துக்கும் காய்ந்த பக்கக் கிளைகளோடு, மற்றது கிளையில்லாமல் மண்ணிறத்தில் நுனிவரை மொட்டோடு என்றால், கோடை இனம். நகத்தால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே பச்சை தெரிகிறதுதான் உயிருள்ளது. கட்டையும் கம்பியும் கட்டியிருந்தால் அதுவும் கோடைப் பக்கம்தான் கைகாட்டும். மற்றது குட்டையானது, அனேகமாகத் தானே நிற்கும்.

பழைய சொந்தக்காரர் ஏற்கெனவே எதையாவது வெட்டியிருந்தால் இந்த அடையாளமெல்லாம் குழம்பும். அப்போது பாதி வரிசையைப் பெப்ரவரியில் நிலத்தோடு வெட்டி, மற்றப் பாதியைத் தொடாதீர்கள். வெட்டின பக்கம் செப்டெம்பரில் காய்த்தால் இலையுதிர்கால இனம். ஒன்றும் காய்க்காவிட்டால் கோடை இனம், அதற்கிடையில் வெட்டாத பாதி ஜூலையிலேயே உங்களுக்குப் பழம் தந்திருக்கும். ஒரு எச்சரிக்கை: வெட்டாமல் விட்ட இலையுதிர்கால இனமும் பழைய தடியின் அடிப்பாகத்தில் ஜூனில் கொஞ்சம் காய்க்கும். ஜூன் பழத்தை மட்டும் கண்டு தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள், செப்டெம்பர்வரை பொறுங்கள்.

கோடை இனம் என்று தெரிந்தால், பழம் பறித்து முடிந்ததும் காய்த்த தடியை மட்டும் அடியோடு வெட்டி, புதிய பச்சைத் தடிகளில் திடமானவற்றைப் பத்து சென்ரிமீற்றருக்கு ஒன்றாகக் கம்பியில் கட்டுங்கள். கோடரிபோல மண்வெட்டியைப் போடாதீர்கள், வேர் மேலேதான் ஓடும்.

கேள்வி: போன செப்டெம்பரில் எங்கள் ராஸ்பெரி மஞ்சளாகவே நின்றது. சிவக்கட்டும் என்று காத்திருந்தோம், எல்லாம் அழுகி விழுந்துவிட்டது. நோயா?
– வாசகர், குரொய்டன்

பதில்: நோயில்லை, பழுத்த பழம்! அது பெரும்பாலும் 'ஓல் கோல்ட்' ஆக இருக்கும். 'ஓட்டம் பிளிஸ்' என்ற சிவப்பு இனத்திலிருந்து வந்த மஞ்சள். நிறத்தை விடுங்கள், மெல்ல இழுத்துப் பாருங்கள். வெள்ளைக் குடுமியைக் காம்பிலேயே விட்டுவிட்டுக் குழியாகக் கழன்று வந்தால் வாயில் போடலாம். செப்டெம்பரில் காய்த்ததால் பெப்ரவரியில் துணிந்து வெட்டுங்கள்.